இருபத்தாறு புள்ளி ஏழு

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு கைப்பிடி ஆடுகிற கோப்பை ஒன்று இருக்கிறது. என் மகள் பதின்மூன்று வயதில் பாட்டுப் போட்டியில் வாங்கியது. வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என் மனைவி அதைத் தன்னடக்கம் என்று நினைத்தாள். அந்தக் கோப்பையில் பாதி இன்னொரு பெண்ணுக்குச் சேர வேண்டியது, அது எனக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி இருந்த தமிழ்க் குடும்பங்கள் நாற்பது ஐம்பது சேர்ந்து ஒரு சின்ன இசை மன்றம் நடத்தி வந்தோம். வருஷத்துக்கு ஒரு முறை பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்குப் பாட்டுப் போட்டி. அது முடிந்ததும் வருஷம் தவறாமல் ஒரு சண்டை. நடுவர் தன் சிஷ்யைக்கு மார்க்கை அள்ளிப் போட்டுவிட்டார், கூட்டலில் கை வைத்துவிட்டார்கள், இப்படி ஏதாவது. காப்பிப் பொடி வாங்கப் போகிற இடத்தில்கூட இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

நான் அப்போது டல்ஹௌசி பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். எங்கள் வட்டாரத்தில் அதுதான் முதல். அதனால் எனக்கு ஜம்பம் கொஞ்சம் அதிகம். மன்றத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்து, "சார், இந்தத் தடவை நீங்கதான் மானத்தைக் காப்பாத்தணும்" என்றபோது எனக்குக் கால் தரையில் படவில்லை.

"மனுஷன் கூட்டினா சந்தேகம் வரும் சார். மெஷின் கூட்டினா யாரும் வாயே திறக்க முடியாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அப்படியே பலித்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

புரோகிராம் ரொம்பச் சின்னது. மூன்று நடுவர்கள், ஆளுக்குப் பத்து மார்க். சமநிலை அடிக்கடி வருகிறது என்பதால் இந்த முறை ஒரு தசமம் வரை போடலாம் என்று வைத்தோம், எட்டு புள்ளி ஆறு, ஒன்பது புள்ளி இரண்டு என்று. பாட்டு முடிந்ததும் நடுவர்கள் மார்க்கை வாய்விட்டுச் சொல்ல, இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் நடுவரிலிருந்து வரிசையாக நான் டைப் செய்வேன். அது கூட்டி, பெரியதிலிருந்து சிறியதுவரை அடுக்கி, பிரிண்டரில் பட்டியல் போடும். இரண்டு மொத்தம் சமமாக வந்தால் 'இணை முதலிடம்' என்று போட வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மன்றத்தின் விதி அது. இணை முதலிடம் வந்தால் இரண்டு பேரும் மேடையேறலாம்.

மேடை என்றால் ஆண்டு விழா மேடை. சென்னையிலிருந்து ஒரு பாடகியை வரவழைப்போம். அவருடைய கச்சேரிக்கு முன்னால், அவருடைய வயலினும் மிருதங்கமும் வாசிக்க, முதல் பரிசு வாங்கிய குழந்தை பத்து நிமிஷம் தனியாகப் பாடும். பாடகி மேடையிலேயே உட்கார்ந்து கேட்பார். கல்கத்தாவில் வளர்கிற தமிழ்க் குழந்தைக்கு அதைவிடப் பெரிய மேடை வேறு எதுவும் கிடையாது. இரண்டாம் பரிசுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா.

டாலிகஞ்ச் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வருவாள். என் மகளைவிட ஒரு வயது பெரியவள். அவளுடைய அப்பாவும் மத்திய அரசு உத்தியோகஸ்தர்தான், வேறு இலாகா. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடி, பெண்ணை மெட்ரோவில் கூட்டிக்கொண்டு பாட்டு வகுப்புக்கு வருவார். வகுப்பு முடிகிறவரை மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். என் மகளும் அதே வகுப்புத்தான். என் மகளுக்குக் குரல் நன்றாக இருக்கும், சோம்பலும் நன்றாக இருக்கும். அந்தப் பெண்ணுக்குக் குரல் சுமார், ஆனால் ஒரு சங்கதியை நாற்பது தடவை பாடிப் பார்க்கிற பிடிவாதம் உண்டு. முந்தைய இரண்டு வருஷமும் அவள் இரண்டாவதாக வந்தாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். போதாததற்கு அவள் அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் உத்தரவும் வந்திருந்தது. ஆண்டு விழா முடிந்து இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். ஆக அந்த மேடைக்கு அவளுக்கு அதுதான் கடைசித் தடவை. இது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டி. கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பழைய போர்வையில் சுற்றி டாக்ஸியில் கொண்டுபோய் இறக்கினேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேனே தவிர, வேறு எந்தப் பயமும் எனக்கு இல்லை. இருபது குழந்தைகள் பாடினார்கள். என் மகள் கல்யாணி ராகத்தில் பாடினாள், வழக்கத்தைவிட நன்றாகவே. அந்தப் பெண் தோடி எடுத்தாள். இந்த வயதில் தோடி மாதிரிக் கனமான ராகமா என்று நடுவில் உட்கார்ந்திருந்த வங்காளி நடுவர், கல்லூரியில் இசை கற்பிப்பவர், புருவத்தை உயர்த்தினார்.

பட்டியல் பிரிண்டரிலிருந்து கிறீச் கிறீச் என்று வெளியே வந்தது. முதல் வரியில் என் மகள், இருபத்தாறு புள்ளி ஏழு. இடம்: ஒன்று. இரண்டாவது வரியில் அந்தப் பெண், இருபத்தாறு புள்ளி ஏழு. இடம்: இரண்டு.

நான் அந்த இரண்டு வரிகளையும் பார்த்தேன். அதற்குள் செயலாளர் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போய்விட்டார். கைதட்டல். என் மனைவி கூட்டத்துக்கு நடுவிலிருந்து எனக்குக் கையை ஆட்டினாள்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா, டாலிகஞ்ச்காரர், என்னிடம் வந்தார். சண்டை போடுகிற ஆள் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். பெண் அவர் பக்கத்தில் நின்றாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேருக்கும் இருபத்தாறு புள்ளி ஏழுன்னுதானே போட்டிருக்கு?"

நான் சொன்ன பதில் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பேப்பர்ல ஒரு டெசிமல்தான் சார் காட்டும். உள்ள கம்ப்யூட்டர் பதினஞ்சு பதினாறு டெசிமல் வரைக்கும் பார்க்கும். அதுல உங்க பொண்ணு துளி கம்மி."

"ஓ, அப்படியா சார். துளிதானே?" என்று சிரித்தார். பெண்ணின் தோளைத் தட்டினார். "பாத்தியா, துளிதானாம்." வங்காளி நடுவரும் எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர் போல்சே, டீக் ஆச்சே" என்றார். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று. அதற்குமேல் யாருக்கும் கேட்க ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது டாக்ஸியில் என் மகள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "பாபா, ஜட்ஜஸ் ஒரு டெசிமல்தானே குடுத்தாங்க. அதைக் கூட்டினா எப்படிப் பதினஞ்சு டெசிமல் வரும்?" வீட்டில் அவள் என்னை அப்பா என்றதைவிட பாபா என்றதுதான் அதிகம். பக்கத்து வீட்டு வங்காளிக் குழந்தைகளோடு வளர்ந்தவள்.

"அது பெரிய கணக்கு. உனக்குப் புரியாது" என்றேன்.

அவளுக்குப் புரிந்திருந்தது. புரியாத மாதிரி நடித்தது நான்தான். பெரியவர்கள் யாரும் கேட்காத சரியான கேள்வியை அவள் கேட்டாள், நான் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மொத்தத்தைப் பதினைந்து தசமம் வரை காட்டு என்று ஒரே ஓர் இடத்தில் மாற்றினேன். என் மகளுடைய மார்க் இடமிருந்து வலமாக 8.9, 9.2, 8.6. திரையில் 26.700000000000003 என்று வந்தது. அந்தப் பெண்ணுடையது 8.6, 9.2, 8.9. அதற்கு 26.699999999999996. அதே மூன்று எண்கள். தலைகீழ் வரிசை, அவ்வளவுதான்.

இது எப்படி என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் இப்படிச் சொல்வேன். நம்மிடம் அரைப்படி, கால்படி, அரைக்கால்படி, மாகாணிப்படி மட்டும் இருக்கிறது, பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகிற அளவுகள். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு படியில் பத்தில் ஒரு பங்கை அளந்து கொடு என்றால் முடியுமா? கிட்டத்தில் போகலாம், சரியாக வராது. எங்கேயோ ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த அளவுகள் அவை மட்டும்தான். எட்டு புள்ளி ஆறு என்று கொடுத்தால் எட்டு புள்ளி ஆறுக்கு மிக அருகில் இருக்கிற ஏதோ ஒன்றை வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டலிலும் ஒரு சிட்டிகை சிந்தும், அல்லது ஒரு சிட்டிகை கூடும். எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தச் சிட்டிகை மாறும். திரையில் காட்டும்போது மட்டும் அதைத் துடைத்துவிட்டு இருபத்தாறு புள்ளி ஏழு என்று நறுவிசாகக் காட்டும். பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இடது பக்கத்தில் ஆரம்பிக்காமல் வலது பக்கத்து நடுவரிலிருந்து நான் டைப் செய்திருந்தால் அந்தப் பெண் முதல், என் மகள் இரண்டாவது.

இது எனக்குத் தெரியாத சங்கதியும் அல்ல. ஆபீஸில் புதிதாக வருகிறவர்களிடம், தசம எண்கள் இரண்டைச் சமமா என்று கம்ப்யூட்டரிடம் ஒருபோதும் கேட்காதே என்று நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நானே அப்படி எழுதியிருக்கிறேன். துளி கம்மி என்று அவரிடம் சொன்னபோது அது பொய் என்று முழுதாகத் தெரியாது என்று நான் வாதாடலாம். ஆனால் மறுநாள் தெரிந்துவிட்டதே! ஆண்டு விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. செயலாளருக்கு ஒரு போன் போட்டால் போதும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் பாடியிருப்பார்கள்.

போனை இரண்டு முறை எடுத்தேன். உள்ளறையில் என் மகள் பாடிக்கொண்டிருந்தாள். சோம்பேறிப் பெண் முதல் தடவையாகத் தானாக உட்கார்ந்து சாதகம் செய்தாள். மனைவி திருச்சியிலும் பம்பாயிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் உண்மையான காரணம், 'கம்ப்யூட்டர் சார்' தப்பாகக் கூட்டிவிட்டார் என்று மன்றத்தில் நான்கு பேர் சொல்வார்களே என்பது. பெண்ணுக்காகப் பொய் சொன்னேன் என்றாலாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். நான் என் மூக்கு உடையக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

விழாவில் என் மகள் பத்து நிமிஷம் பாடினாள். நடுவில் ஒரு இடத்தில் தாளம் நழுவியது, மிருதங்கக்காரர் சமாளித்துக் கொடுத்தார். சென்னைப் பாடகி தலையை அசைத்து, "நன்னா இருந்தது" என்றார். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் புதுப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு அப்பா அம்மாவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தோற்றுப்போனவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் மடியில் கையை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் விட்ட இடத்தில் அவள் விடவில்லை.

ஜூன் மாதம் அவர்கள் நாக்பூர் போய்விட்டார்கள். அடுத்த வருஷப் போட்டிக்கு முன்னால் நான் புரோகிராமைத் திருத்தினேன். மார்க்கைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கிக் கூட்டச் சொன்னேன். எண்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தொன்பது. முழு எண்ணில் சிந்தவும் செய்யாது, கூடவும் செய்யாது. பத்து நிமிஷ வேலை. யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. அந்த வருஷம் இரண்டு பையன்கள் இணை முதலிடம் வந்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள்.

என் மகள் கல்லூரியில் சேர்ந்ததும் பாட்டை விட்டுவிட்டாள். பிறகு நியூ டவுனில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஒரு நாள் சாப்பிடும்போது, "பாபா, இன்னிக்குப் புரோகிராம்ல ஒரு பக். ஸ்கிரீன்ல ரெண்டும் சேம், கம்பேர் பண்ணா சேம் இல்லங்குது" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம்தான், போட்டி நடந்து ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து, லேக் மார்க்கெட்டில் டாலிகஞ்ச்காரரைப் பார்த்தேன். முருங்கைக்காய்க் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிடையர் ஆகிவிட்டாராம். மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கம்ப்யூட்டர் சார்!" என்றார். "உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது எங்க வீட்டுல."

"என்னைப் பத்தியா?"

"நீங்க சொன்னீங்களே, துளி கம்மின்னு. அது அப்படியே நின்னுபோச்சு சார். பரீட்சையில ரெண்டு மார்க் போனாலும் சரி, இன்டர்வியூல கிடைக்காட்டியும் சரி, 'நான்தான் எப்பவும் துளி கம்மியாச்சேப்பா'ன்னு சொல்லிச் சிரிப்பா. இப்ப பெங்களூர்ல இருக்கா. நல்ல வேலைதான்."

"பாடறாளா?"

"எங்க சார். நாக்பூர் போனதும் விட்டுட்டா. நான் எவ்வளவோ சொன்னேன். மனுஷங்க சொன்னா கோவிச்சுக்கலாம், மெஷினே சொல்லிடுச்சேன்னுட்டா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. வீட்டு வேடிக்கையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பத்து வருஷம் மென்று விழுங்கியதை அந்த முருங்கைக்காய்க் கடை முன்னால் நின்று கொட்டிவிட்டேன். மூன்று எண்களையும் சொன்னேன். வரிசையைச் சொன்னேன். மறுநாளே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். கடைக்காரர் காயை எடை போடுவதா வேண்டாமா என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாலிகஞ்ச்காரர் கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "அப்ப அவ கம்மி இல்லையா சார்?" என்றார்.

"இல்ல சார். ஒரு துளிகூட இல்ல."

திட்டுவார் என்று நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து மொபைலை எடுத்து, நம்பரை அழுத்தி, "ஒருத்தர் உன்கிட்ட பேசணும்கிறார்" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். "இதை நான் சொல்லக் கூடாது சார். நீங்க சொல்லுங்க."

நான் யார் என்று சொன்னதும், "சொல்லுங்க அங்கிள்" என்றாள். பெரிய பெண்ணின் குரல். மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கைச் சொல்ல ஆரம்பித்தபோது அவளே முடித்தாள்: "எட்டு புள்ளி ஆறு, ஒம்பது புள்ளி ரெண்டு, எட்டு புள்ளி ஒம்பது." அதை அவள் மறக்கவே இல்லை.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

"வலது பக்கத்துலேர்ந்து டைப் பண்ணியிருந்தா நான் ஃபர்ஸ்ட், உங்க பொண்ணு செகண்ட். அப்படித்தானே அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"ரெண்டு பேருக்கும் ஒரே டோட்டல், உங்க பொண்ணு செகண்டுன்னு வந்திருந்தா, அன்னிக்கு என்ன பண்ணியிருப்பீங்க?"

மார்க்கெட் இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். செயலாளர் மைக்கைத் தொடுவதற்கு முன்னால் அவர் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கியிருப்பேன். அத்தனை பேரையும் காக்க வைத்துவிட்டு, புரோகிராமைத் திறந்து, ஐந்தே நிமிஷத்தில் தப்பைக் கண்டுபிடித்திருப்பேன்.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"தெரியும் அங்கிள்" என்றாள். "அப்பாகிட்ட குடுங்க."